ஸ்டெபி சிஸ்டரின் நான்கு கட்டங்கள்

என் கடை டிராயரில் ஒரு பெண்ணின் கைக்கடிகாரம் ஒன்பது நாள் கிடந்தது. பேட்டரி மாற்றச் சொல்லிக் கொடுத்தது. மூன்று நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் கண்ணாடியைப் பார்த்து என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் யஹ்யா. மேலப்பாளையத்துக்காரன். சார்ஜாவில் பதினான்கு வருடம் செல்போன் பழுதுபார்த்துவிட்டு ஊருக்கு வந்து, பாளையங்கோட்டையில் கடிகாரமும் செல்போனும் பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சைக்கிளில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, வேகம், தூரம் எல்லாம் காட்டுமே, அதைச் சரிசெய்து கொடுக்கவும் ஊரில் நான் ஒருவன்தான். ஆனால் இது என் கதையில்லை. அந்தக் கடிகாரத்தின் சொந்தக்காரி ஸ்டெபியின் கதை. நான் இதில் வருவது, சோற்றில் கல் வருகிற மாதிரிதான்.

ஸ்டெபி பிறந்தது விக்கிரமசிங்கபுரம். அப்பா மில் தொழிலாளி. பாளையங்கோட்டைக்கு நர்ஸ் படிக்க வந்தவள், இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இப்போது முப்பத்துநாலு வயது. கணவன் கிறிஸ்டி தோஹாவில் கிரேன் ஓட்டுகிறான். ஏழு வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கிறிஸ்டியின் அம்மா ஞானப்பூ. காலை ஆறு மணி டூட்டிக்கு டவுன் பஸ்ஸை நம்பி நம்பி அலுத்துப்போய் ஸ்டெபி ஒரு சைக்கிள் வாங்கினாள். அப்படித் தொடங்கியதுதான். பிறகு லீவு நாளிலும் ஓட்டினாள். கேட்டால், "அது மேல இருக்கும்போது யாரும் 'சிஸ்டர்'னு கூப்பிடுததில்ல பாய்" என்பாள்.

அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை வெளியே வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், சத்தமாக மணியைச் சொல்வாள், எழுதுவாள். அவள் எழுதியது எழுதியதுதான். நம் ஊர் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நட்சத்திரம் சரியில்லை, ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள், பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். எவனுக்கும் அவள் ஒரு நிமிடம்கூடக் கொடுத்ததில்லை.

அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் ஒருவர் எங்கள் சைக்கிள் சங்கத் தலைவர் முத்துசுப்பிரமணியன் அண்ணாச்சி. இரும்புக்கடைக்காரர், ஐம்பத்தாறு வயது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. அண்ணாச்சி வார்டு வாசலில் நின்று, ஏழே ஏழு நிமிடம் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவள் சொன்னாளாம்: "நான் வாட்ச்சப் பாத்துத்தான் எழுதுவேன் அண்ணாச்சி, பஞ்சாங்கத்தப் பாத்து எழுத மாட்டேன்." பக்கத்தில் சம்பந்திவீட்டார் நின்று கேட்டுவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. இதை என் கடையில் உட்கார்ந்து பத்துத் தடவையாவது சொல்லிப் பொருமியிருப்பார்.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லவே வாய் கசக்கிறது. இருபத்திரண்டு ஆண்கள், இருபத்திரண்டு தொந்தி. ஞாயிறு காலை சேரன்மகாதேவி வரை மிதிப்பார்கள். அங்கே டீ, உளுந்தவடை, மறுபடியும் டீ, முக்கால் மணி நேரம் ஊரார் வீட்டுப் புறணி. பிறகு திரும்பி வந்து ஸ்கிரீனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். சராசரி வேகம் இருபத்தாறாம்! எப்படி? ஸ்கிரீனில் நேரத்தை இரண்டு விதமாக வைக்கலாம். மொத்த நேரம் வைத்தால் புறப்பட்டதிலிருந்து விடாமல் ஓடும். ஓடிய நேரம் வைத்தால் சைக்கிள் நின்றதும் அதுவும் நின்றுவிடும். இவர்கள் எல்லாரும் ஓடிய நேரம்தான் வைத்திருந்தார்கள். வடை தின்ற நேரம் கணக்கில் வராது. அப்படி வைத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

இந்தக் கும்பலில் வந்து சேர்ந்த ஒரே பெண் ஸ்டெபி. அவளுக்கு வடையும் வேண்டாம், படமும் வேண்டாம். வருடத்தில் சில தடவை நெடும்பயணம் ஒன்று நடக்கும். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி வழியாகப் புளியரை போய்த் திரும்ப வேண்டும். இருநூறு கிலோமீட்டர். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள். நின்றது, தின்றது, பஞ்சர் ஒட்டியது எல்லாம் அந்தப் பதின்மூன்றரைக்குள் அடக்கம். காலை ஐந்துக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குள் வந்துவிட வேண்டும். முடித்தால் ஒரு மெடல்.

ஸ்டெபி இரண்டு தடவை போனாள். ஒரு தடவை டயர் வெடித்தது. இன்னொரு தடவை சாரல் காலத்து மேல்காற்று எதிரே நின்று அடித்து நொறுக்கிவிட்டது. ஞானப்பூ அம்மா முதல் தடவைக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்: "எனக்கு முட்டு வலி. இந்தப் பயலத் தூக்கிக்கிட்டு நாள் முழுக்க என்னால நிக்க முடியாது. மூணு தடவ பாத்துக்கிடுதேன். முடிச்சிட்டன்னா ஆயுசுக்கும் ஓட்டு, நான் வாயத் தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா சைக்கிள வித்துரணும்." ஸ்டெபி சரி என்றாள். அவள் சரி என்றால் சரிதான்.

மூன்றாவது தடவைக்காக கிறிஸ்டி தோஹாவிலிருந்து ஒரு ஆளிடம் கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டிருந்தான். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஸ்கிரீனில் நான்கு கட்டம். மேலே பெரியது ஒன்று, கீழே சிறியது மூன்று. எந்தக் கட்டத்தில் எது தெரிய வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி வழக்கம்போல உள்ளே உட்கார்ந்து என் செலவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தூரமும் நேரமும் தெரிஞ்சாப் போதும் பாய்" என்றாள் ஸ்டெபி. "வேற ஒண்ணும் வேண்டாம்."

"பெரிய கட்டத்துல கலோரியப் போடும்வே" என்றார் அண்ணாச்சி. "பொம்பளையாளுவ வேற எதுக்கு சைக்கிள் மிதிக்காவ?"

நான் சிரித்தேன். 

"எரிக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல அண்ணாச்சி" என்றாள் அவள். "எல்லாத்தையும் டூட்டியே எரிச்சிருது."

ஆனாலும் நான் பெரிய கட்டத்தில் கலோரிதான் வைத்தேன். அண்ணாச்சி சொன்னாரே! கீழே வேகம், தூரம், நேரம். அந்த நேரமும் எங்கள் வடைக் கும்பலுக்கு வைக்கிற அதே ஓடிய நேரம். கைப்பழக்கம். கட்டத்தின் மேல் 'டைம்' என்று மட்டும்தான் வரும். எந்த நேரம் என்று அது சொல்லாது, நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மத்தியானம் நின்றுவிட்டதாம். "இப்பவே மாத்தித் தருவியளா பாய்?"

"அதான் இதுலயே நேரம் வருமே சிஸ்டர், பெறகு வாட்ச் எதுக்கு? பயணம் முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிடுங்க" என்று டிராயரில் போட்டேன். கடிகாரக் கடைக்காரன் பேசுகிற பேச்சா இது? கூறுகெட்ட மூதி.

மறுநாள் அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். "வே, நாளைக்கு எனக்கு மொத்த நேரத்தப் போடும். ஓடுன நேரம் நாளைக்கு ஆகாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணாச்சி, சிஸ்டருக்கும் மாத்தணுமே!"

"நான் சொல்லிக்கிடுதேன். காலையில பாக்கத்தானே போறேன். ரெண்டு அமுக்கு அமுக்குனா மாறிரப் போவுது."

ஞாயிறு காலை பாளையங்கோட்டை மைதானத்து வாசலில் பதினோரு பேர் கிளம்பினார்கள். எனக்கு முதுகு போனதிலிருந்து நான் ஓட்டுவதில்லை. அட்டையில் நேரம் எழுதி முத்திரை குத்துவது என் வேலை. "சிஸ்டர்ட்ட சொல்லிட்டீயளா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்றார். அவள் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பத்தடியை நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? கால் ஒடிந்தா போயிருக்கும்?

அதற்குப் பிறகு வழியில் நடந்ததெல்லாம் ஸ்டெபி பின்னால் சொன்னது. போகும்போது மேல்காற்று முகத்தில் அறைந்தது. தென்காசி தாண்டியதும் சாரல். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி முதுகுப் பைக்குள் போட்டுவிட்டாள். புளியரையில் முத்திரை வாங்கித் திரும்பும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவரை அவள் நின்றதே பத்து நிமிடம்தான்.

திரும்பி வரும் வழியில், கடையம் தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில் அண்ணாச்சி விழுந்து கிடந்தார். இரண்டு காலும் இழுத்துக்கொண்டு, தின்றதையெல்லாம் சட்டையிலேயே கக்கியிருந்தார். சங்கத்தில் இரண்டு பேர் அவரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்களாம், கையை ஆட்டிவிட்டு. ஸ்டெபி இறங்கினாள். வாந்தியைத் துடைத்தாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கெண்டைக்காலைப் பிடித்து நீவிவிட்டாள். அவர் எழுந்து நிற்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த முப்பத்தைந்து நிமிடமும் அவருடைய ஸ்கிரீனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடையதில் நின்றிருந்தது.

பத்தமடை வரை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். அவள் முன்னால், காற்று முதுகில் தள்ளியும் தெம்பில்லாமல் அவர் பின்னால். பத்தமடையில் மணி ஐந்து முப்பத்தைந்து. இன்னும் பதினேழு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். விடாமல் மிதித்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் ஸ்டெபியின் ஸ்கிரீன் பதினொன்று நாற்பத்தொன்பது என்றது. அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். தொண்டை வறண்டிருந்தது, ரோட்டோரம் ஒரு சோடாக் கடை தெரிந்தது. வானம் மூடிக் கிடந்ததால் வெயிலை வைத்தும் நேரம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, நேரம் கிடக்குல்லா? ஒரு கலர் குடிச்சிட்டு பைய வரட்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த மனிதர் குனிந்து தன் ஸ்கிரீனைப் பார்த்தார். அதில் பன்னிரண்டு முப்பத்தைந்து. நிமிர்ந்து, "எம்புட்டோ கிடக்கும்மா. நீ பைய வா. நான் முன்னால போறேன்" என்றார்.

அல்லாஹ்வே! அவருடைய வாந்தியைத் துடைத்தது அவள் கைதானே? அந்தக் கை இன்னும் காயக்கூட இல்லையே!

ஆறு இருபத்தொன்றுக்கு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். எழுதினேன், குத்தினேன். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "சிஸ்டர் எங்கன?" என்றேன். "பின்னால வருது. நான் என்ன அதுக்குக் காவலா?" என்றார். ஆறு இருபத்தைந்துக்கு அவளைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு முப்பது ஆனது. முப்பத்திரண்டு. மைதானத்து வளைவில் அவள் தலை தெரிந்தபோது முப்பத்துநாலு.

சிரித்துக்கொண்டே வந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. இறங்கி, அட்டையை நீட்டி, "பாய், அம்பது நிமிஷம் மிச்சம்! எங்க அத்தைக்கு மொதல்ல போன் போடணும்" என்றாள்.

நான் நின்றுபோன சுவர்க் கடிகாரம் மாதிரி அப்படியே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மேசையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணாச்சியின் சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. போய், குனிந்து, அதன் ஸ்கிரீனைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பத்தமடையில உங்களுக்கு நேரம் தெரியும்லா?"

அவர் எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டார். "நாலு நிமிஷந்தானேவே. ஆறு இருபத்தொம்பதுன்னு எழுதும். தலைவர் நான் சொல்லுதேன், எவன் கேக்கப் போறான்?" அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் ஏழு நிமிஷம் கேட்டேன், நீ தரல. இன்னைக்கு நான் நாலு நிமிஷம் தாரேன், வாங்கிக்கோ."

தூ! இதற்குத்தானா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறேன். ஆட்டைத் தானே தண்ணீரில் தள்ளிவிட்டு, துண்டையும் நீட்டிய ஓநாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருடைய வியர்வையும் வாந்தியும் கலந்த நாற்றம் என் தோளில் இருந்தது. கையைத் தட்டிவிட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், என் பேனா இருபத்தொன்பதை எழுதத்தான் அட்டைக்குப் போனது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு நினைப்பு. என் தப்பை மறைக்கிற நினைப்பும் அதற்குள்ளேயே இருந்தது.

"பாய்" என்றாள் ஸ்டெபி. குரல் உயரவில்லை. வார்டில் இப்படித்தான் சொல்வாள் போலிருக்கிறது. "ஆறு முப்பத்துநாலு. எழுதுங்க."

எழுதினேன். அவள் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். "நாலு நிமிஷம் பிந்திட்டு அத்தை" என்றாள்.  கலர் குடித்ததைப் பற்றியோ கடையத்தில் நின்றதைப் பற்றியோ வாயே திறக்கவில்லை.

அன்று ராத்திரியே அண்ணாச்சி மெடலோடு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 'மனவலிமையே வெற்றி' என்று கீழே எழுதியிருந்தார். இருபது கட்டைவிரல். எனக்குத் தெரிந்ததைப் போட்டு உடைத்துவிட்டு குழுவிலிருந்து வெளியே வந்தேன். அதையும் புதன்கிழமைதான் செய்தேன். மூன்று நாள் என் வீரம் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, சமாதானபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். நடையில் சைக்கிள் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது. மறுநாள் வாங்குகிற ஆள் வருவதாக ஸ்டெபி சொன்னாள். கடிகாரத்தை வாங்கி செல்போனோடு ஒத்துப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் முந்தி ஓடுது பாய்" என்று அவளே திருத்தினாள்.

ஞானப்பூ அம்மா முற்றத்தில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் செதில். நான் அவர் முன்னால் குத்தவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கலோரி, கட்டம், டிராயரில் கிடந்த கடிகாரம், கடையத்து வாந்தி, பத்தமடையில் அண்ணாச்சி சொன்ன பொய், நான் நடக்காத பத்தடி. ஒன்றையும் விடவில்லை. அவர் அரிவதை நிறுத்தவேயில்லை. கேட்டு முடித்ததும் மீன் குடலை எடுத்துப் பூனைக்கு வீசினார். என்னையும் அங்கேயே வீசியிருப்பார், பூனைதான் தின்னாது.

"நான் எத்தன தடவன்னு சொன்னேன்?" என்றார் மருமகளிடம்.

"மூணு."

"நீ ஓட்டுனது ரெண்டுதான். மூணாவத இந்த ஆளும் அந்த இரும்புக்கடைக்காரனும்லா ஓட்டியிருக்கானுவ."

"அத்தை, பேச்சுன்னா பேச்சு. அட்டையில முப்பத்துநாலு."

"நீ சும்மா இரு. மணி எழுதுதது உன் வேல. தடவ எண்ணுதது என் வேல. சைக்கிள் வாங்குத ஆள வரவேண்டாம்னு சொல்லு."

ஸ்டெபி உள்ளே போனாள். வெகு நேரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. கையில் கம்ப்யூட்டர். "பாய், இதுல இருக்க எல்லாத்தையும் எடுத்துருங்க. ஒரே கட்டம். மொத்த நேரம் மட்டும்."

அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். ஸ்கிரீன் முழுக்க ஒரே எண் பெரிதாக நின்றது. எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"எங்க கெளம்பிட்டீய?" என்றார் ஞானப்பூ அம்மா. "எனக்கு மூணு நாளு கணக்கு முடிஞ்சு போச்சு. அடுத்த தடவ புள்ளைகள யாரு பாப்பா? நீங்கதான் வந்து பாக்கணும். காலையில அஞ்சுலருந்து."

"நானா?"

"பெறகு நானா? சின்னவனுக்குக் கழுவி விடத் தெரியுமா?"

என் பிள்ளைகள் மூன்றும் நான் சார்ஜாவில் இருந்தபோது வளர்ந்தவை. ஒருநாளும் ஒன்றுக்கும் கழுவிவிட்டதில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாட்டி இப்பவே படிச்சுக்கிடுங்க. அந்தா, வெளிக்கி இருந்துட்டு நிக்கான்."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் பக்கம் போனேன்.